“இங்க ஆள் இருக்கு!” - குழந்தைகளே உருவாக்கும் பாதுகாப்பான வகுப்பறை... எப்படி சாத்தியம்?

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் படித்தவள். மூன்றாம் வகுப்பு. தீபாவளி லீவு முடிந்து வந்த வாரத்தில் ஒரு புதுப்பெண் வகுப்பில் சேர்ந்தாள். அப்பா, அம்மா பெங்களூருவில் கட்டட வேலை. அங்கே கொஞ்ச நாள் கன்னடப் பள்ளியில் படித்துவிட்டு, பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க ஊருக்கு வந்திருந்தாள். தமிழ் பேசுவாள், நடுநடுவே கன்னடம் கலக்கும். தமிழ் எழுத்து மட்டும் வராது.

“எங்கயாச்சும் இடம் பார்த்து உட்காரும்மா” என்றார் டீச்சர். அவள் நேராக என் பாய்க்கு வந்தாள். நான் புத்தகப்பையை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, “இங்க ஆள் இருக்கு” என்றேன்.

ஆள் யாரும் இல்லை.

அடுத்த பாயிலும் அதே பதில். கடைசியில் வாசல் பக்கம், செருப்பு விடுகிற இடத்துக்கு அருகில் உட்கார்ந்தாள். பொங்கலுக்கு அப்புறம் அவள் வரவில்லை. “திரும்ப பெங்களூருக்கே போயிட்டாங்களாம்” என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த ரெண்டு மாசமும் அந்த வகுப்பறை அவளுக்குப் பாதுகாப்பான இடமாக இருந்ததா?

இருபது வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. ‘பள்ளிப் பாதுகாப்பு’ என்றதும் நமக்கு காம்பவுண்டு சுவர், கேட், சிசிடிவி கேமராதான் ஞாபகத்துக்கு வரும். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு ‘பாதுகாப்பு’ என்பது இன்னும் எளிமையானது. ‘நான் வந்தா நகர்ந்து இடம் விடுவாங்களா? தப்பா பதில் சொன்னா சிரிப்பாங்களா? பாத்ரூம் போகணும்னு கேட்டா திட்டுவாங்களா?’ இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாத குழந்தை, போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பாடத்தைக் கவனிக்காது. அதன் மனசு முழுக்க அடுத்த ஆபத்து எங்கிருந்து வரும் என்று காவல் காத்துக்கொண்டிருக்கும்.

இதை டீச்சர் மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால், பாதி விஷயம் டீச்சர் கண்ணில் படாத இடத்தில்தான் நடக்கிறது. தண்ணீர்க் குழாய், சத்துணவு வரிசை, விளையாட்டு மைதானம், கழிவறைக்குப் போகிற வழி. அங்கேயெல்லாம் இருப்பது குழந்தைகள் மட்டும்தான். அதனால் குழந்தைகளும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

ஏன் தர்மபுரி?

1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. ஒரு பக்கம் கர்நாடகா. மழையை நம்பிய மேட்டு நிலம் அதிகம் என்பதால், பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குக் கிளம்பும் குடும்பங்களும் அதிகம். சில பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் தங்கிப் படிப்பார்கள். சிலர் பெற்றோர் கூடவே போய், வருடத்தின் நடுவில் திரும்பி வருவார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் பிள்ளைகள் உண்டு. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரே வகுப்பில் இருபது பேர் இருந்தால், இருபது பேரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை.

இன்னொன்றையும் பேசாமல் தாண்டிப் போக முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது இருபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். எரித்த பக்கமும், எரிந்த பக்கமும் இருந்த ஊர்களின் பிள்ளைகள் அடுத்த வாரங்களில் பள்ளிக்குப் போயாக வேண்டியிருந்தது. ‘சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தெரியும். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு விளையாடினால் வீட்டில் திட்டு விழும் என்பது ஆறு வயதிலேயே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கக் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. அதாவது, பிரம்படி மட்டும் குற்றமில்லை. ‘நீயெல்லாம் எங்க உருப்படப் போற’ என்று வகுப்புக்கு முன்னால் நிறுத்திச் சொல்வதும் இதில் அடங்கும்.

“கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையைச் சேர்க்க வரும்போதே சொல்லும் பெற்றோரை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: ‘இங்க அடிச்சா வீட்ல சொல்லிப் பிரயோஜனம் இல்ல.’ நாளைக்கு அடியைவிட மோசமான ஒன்று நடந்தாலும் அந்தக் குழந்தை வாய் திறக்காது. ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய கதவை மூடிவிடுகிறது பாருங்கள்.

சரி, வகுப்பறைக்குள் என்னதான் செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விதிகளைக் குழந்தைகளே எழுதட்டும்

‘பேசாதே, ஓடாதே, கத்தாதே’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டை எந்தக் குழந்தையும் படிப்பதில்லை. அது பெரியவர்கள் போட்ட விதி. அதற்குப் பதிலாக ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ரெண்டே கேள்வி கேட்கலாம். ‘இந்த கிளாஸ்ல எது நடந்தா உங்களுக்குப் பயமா இருக்கும்?’, ‘எது நடந்தா நாளைக்கும் வரணும்னு தோணும்?’

வரும் பதில்கள் பெரிய தத்துவமாக இருக்காது. ‘என் பென்சிலைக் கேட்காம எடுக்கக் கூடாது.’ ‘என்னைப் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடக் கூடாது.’ ‘விழுந்தா சிரிக்கக் கூடாது.’ அதிலிருந்து நாலைந்து விதிகளைக் குழந்தைகளின் வார்த்தைகளிலேயே எழுதலாம். ‘கூடாது’வை ‘செய்வோம்’ என்று மாற்றினால் இன்னும் நல்லது. ‘சிரிக்கக் கூடாது’ என்பது ‘யாராவது விழுந்தா கை கொடுப்போம்’ என்று ஆகும். படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு விதிக்கும் ஒரு படம். வரைவதும் அவர்களே.

முக்கியமானது, இந்த விதி டீச்சருக்கும் பொருந்த வேண்டும். போலந்தில் யானுஸ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912 முதல் வார்சாவில் ஒரு அநாதை இல்லத்தை நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டப் புத்தகத்தின் பெரும்பகுதி மன்னிப்பைப் பற்றியதுதான். கோர்ச்சாக் மீதே புகார் வந்து, அவரும் அந்த நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார். பின்னாளில், 1942-ல் நாஜிகள் அந்தக் குழந்தைகளைக் கொலை முகாமுக்கு அனுப்பியபோது, அவர்களைத் தனியே விடாமல் கூடவே போய் உயிரைவிட்டார். ‘குழந்தைகளுக்கு நீதி என்றால் என்னவென்று புரியும்’ என்று அவர் நம்பியது வெறும் பேச்சுக்காக இல்லை.

நம் வகுப்பில் நீதிமன்றமெல்லாம் வேண்டாம். டீச்சர் தாமதமாக வந்த ஒருநாள், “சாரி பசங்களா, இன்னைக்கு நான்தான் லேட்” என்று சொன்னால் போதும். விதி எல்லோருக்கும் பொது என்பது அந்த நொடியில் புரிந்துவிடும்.

2. ‘பேசுறவங்க பேர் எழுது’ - இதை நிறுத்தலாமா?

நம் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போவார். கிளாஸ் லீடர் சாக்பீஸோடு போர்டு பக்கத்தில் நிற்பான். பேசினால் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘மி.அ’, அப்புறம் ‘மி.மி.அ’. இன்று மீம்ஸாகப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். லீடருக்கு மிட்டாய் கொடுத்தவன் பெயர் போர்டில் வராது. அவனுக்குப் பிடிக்காதவன் பெயர் பேசாமலேயே வரும். எட்டு வயதில் அதிகாரத்தைப் பற்றி நாம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

தர்மபுரி மாதிரி மாவட்டங்களில் ஈராசிரியர் பள்ளிகள் உண்டு. ஐந்து வகுப்பு, ரெண்டு ஆசிரியர். அங்கே பெரிய பிள்ளைகளின் உதவி இல்லாமல் பள்ளி ஓடாது. அதனால் லீடர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேலையைத்தான் மாற்ற வேண்டும். வாரம் ஒரு லீடர், எல்லோருக்கும் முறை வரும். லீடர் எழுத வேண்டியது, உதவி செய்தவர்கள் பெயரை. ‘புதுசா வந்தவனுக்குப் பக்கம் எடுத்துக் கொடுத்தாள்’, ‘அழுத தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்’. வெள்ளிக்கிழமை மாலை அதை எல்லோர் முன்னும் வாசிக்கலாம். தப்பைத் தேடிய கண், நல்லதைத் தேட ஆரம்பிக்கும்.

3. உட்காரும் இடம் ஊரைக் காட்டக் கூடாது

2024-ல் வெளியான ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு கேரளப் பள்ளிகள் சில ‘ப’ வடிவில் பெஞ்சுகளைப் போட்டன. கடைசி பெஞ்ச் என்று ஒன்றே இல்லை. 2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையும் அப்படி மாற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. பக்கவாட்டில் உட்காரும் குழந்தைகளுக்குக் கழுத்து வலிக்காதா என்று கேள்வி எழ, பெரிய விவாதமே நடந்தது.

உண்மையில் நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வட்டமாக உட்காருவது புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் பாயில் குழுவாக உட்கார்ந்துதான் படித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் குழுக்கள் உண்டு: அரும்பு, மொட்டு, மலர். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் பெயர்கள் அழகானவைதான். ஆனால் ‘நீ இன்னும் அரும்புதானே’ என்று ஒரு குழந்தை இன்னொன்றைக் கேலி செய்யத் தொடங்கினால், அழகான பெயரும் பட்டப்பெயர் ஆகிவிடும். அதனால் கணக்குக்கு ஒரு குழு, பாட்டுக்கு ஒரு குழு, விளையாட்டுக்கு வேறு குழு என்று மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

வடிவத்தைவிட முக்கியமானது, யார் பக்கத்தில் யார் என்பது. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் ஒரே தெரு, ஒரே காலனி, ஒரே சொந்தம் என்றுதான் உட்காருவார்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் ‘அ’வில் தொடங்கும் ரெண்டு பேர் எந்தத் தெருவாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தொடக்கப் பள்ளியில் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம். திங்கள்கிழமை காலை சீட்டு குலுக்கி அந்த வாரத்துக்கான ஜோடி. அடுத்த வாரம் வேறு ஜோடி.

4. ‘உன்னைச் சேர்த்துக்க மாட்டோம்’ - இந்த வாக்கியத்துக்குத் தடை

சிகாகோவில் விவியன் பேலி என்ற மழலையர் பள்ளி ஆசிரியை இருந்தார். தினமும் சில குழந்தைகள் மட்டும் விளையாட்டில் ஒதுக்கப்படுவதைக் கவனித்து, ‘நீ விளையாட வராதே என்று யாரும் சொல்லக் கூடாது’ என ஒரே ஒரு விதியைக் கொண்டுவந்தார். அதைப் பற்றி 1992-ல் ஒரு புத்தகமும் எழுதினார். விதியைப் போடுவதற்கு முன் அவர் செய்ததுதான் சுவாரஸ்யம். மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கருத்துக் கேட்டார். ‘நியாயமான விதிதான். ஆனா நடக்காது’ என்பதுதான் பலரின் பதிலாக இருந்தது. இருந்தும் விதியைப் போட்டார். சண்டை ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால், எப்போதும் ஓரத்தில் நின்ற குழந்தைகள் கதைக்குள்ளும் விளையாட்டுக்குள்ளும் வரத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் கோகோ, கல்லாங்காய், கண்ணாமூச்சி, நொண்டி எல்லாவற்றிலும் ஒரு ‘ஒப்புக்குச் சப்பாணி’ இருப்பான். சின்னப் பிள்ளையாக இருப்பான், ஓட முடியாதவனாக இருப்பான், ஆனாலும் ஆட்டத்தில் இருப்பான். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. ஒருவரையும் வெளியே நிறுத்தாமல் விளையாட நம் தெருக்களே கண்டுபிடித்த வழி அது. அந்த இடத்தில் எப்போதும் ஒரே பிள்ளையை வைத்திருந்தால்தான் அது அவமானம். முறை மாற்றி வைத்தால், எல்லோருக்கும் இடம் தரும் ஏற்பாடு.

2013-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் இரண்டாம் வகுப்புப் பையன் கேட்டு, அவன் பள்ளியில் ‘நண்பன் பெஞ்ச்’ ஒன்று வைத்தார்கள். விளையாட ஆள் இல்லாதவர்கள் அதில் போய் உட்கார்ந்தால், மற்றவர்கள் வந்து கூப்பிட்டுப் போக வேண்டும். அதற்கு நாம் புது பெஞ்ச் வாங்க வேண்டியதில்லை. பள்ளி வளாகத்தில் ஒரு வேப்பமரமோ புங்கமரமோ இருக்கும். அடியில் ஒரு கல் இருக்கும். ‘அந்தக் கல்லுல யாராச்சும் உட்கார்ந்திருந்தா, போய்க் கூப்பிடணும்’ என்று குழந்தைகளோடு பேசி வைத்தால் போதும்.

5. வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது

ஒருவன் கேலி செய்கிறான், ஒருவன் அழுகிறான். இது ரெண்டு பேர் பிரச்னை என்று நினைக்கிறோம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவிய ‘கிவா’ திட்டம் வேறு மாதிரி பார்த்தது. கேலி செய்பவனுக்கு வேண்டியது பார்வையாளர்கள். சுற்றி நின்று சிரிக்க ஆள் இல்லையென்றால் அவனுக்கு அதில் சுகம் இல்லை. அதனால் அது, சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது.

நம் வகுப்பில் குழந்தைகளுக்கு மூன்று வேலைகளைச் சொல்லித் தரலாம். ஒன்று, சிரிக்காமல் இருப்பது. ரெண்டு, அழுகிற பிள்ளையிடம் போய் “வா, நாம அங்க போலாம்” என்று கூட்டிப்போவது. மூன்று, பெரியவரிடம் சொல்வது. எதிர்த்துச் சண்டை போட வேண்டியதே இல்லை. பயந்த சுபாவமுள்ள குழந்தைகூட இதில் ஒன்றைச் செய்ய முடியும்.

கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: “எனக்குப் பிடிக்கல, நிறுத்து.” இதைச் சத்தமாக, முகத்தைப் பார்த்துச் சொல்ல நாடகம் மாதிரி ஒத்திகை பார்க்க வேண்டும். நிஜத்தில் வாய் வராது என்பதால்தான் ஒத்திகை.

சண்டை முடிந்த பிறகு “ரெண்டு பேரும் கை குடுங்க, சாரி சொல்லுங்க” என்று முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த சாரியில் பாதி, பயத்தில் வருவது. அதற்குப் பதில் மூன்று கேள்வி: ‘என்ன நடந்துச்சு?’ ‘அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?’ ‘இப்ப அதைச் சரி பண்ண நீ என்ன செய்யலாம்?’ கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பது, கொட்டிய தண்ணீரைத் திரும்பப் பிடித்து வருவது மாதிரி ஏதாவது ஒன்று. செய்து முடித்த பிறகு, சாரி தானாக வரும்.

6. தட்டிலும் துடைப்பத்திலும் தெரியும் சமத்துவம்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அடுத்த சில வாரங்களிலேயே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில பிள்ளைகள் சாப்பிடவில்லை என்ற செய்தி வெளியானது. அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி கனிமொழியும் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகளும் சாப்பிட்டார்கள்.

யோசிக்க வேண்டியது இதுதான். உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் சாதி இருப்பதாக அந்தக் குழந்தைகளுக்குத் தானாகத் தோன்றவில்லை. வீட்டில் சொன்னார்கள். அதனால் டீச்சரும் பிள்ளைகளோடு அதே தட்டில், அதே சாப்பாட்டை, அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எந்த நீதி போதனை வகுப்பையும்விடப் பெரிய பாடம். சமைக்கும் அக்காவின் பெயர் குழந்தைகளுக்குத் தெரிந்திருப்பதும், சாப்பிட்டு முடித்ததும் “நல்லா இருந்துச்சுக்கா” என்று சொல்லப் பழகுவதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம்.

வேலைப் பங்கீட்டிலும் கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் பாலக்கோடு பக்கத்து மலை ஊர் ஒன்றில், சீருடையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் கழிவறையைச் சுத்தம் செய்யும் வீடியோ பரவியது. பெற்றோர்கள் கொதித்தார்கள். தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ‘நம்ம காலத்துல நாங்க செய்யாததா?’ என்று சிலர் கேட்டார்கள். நாம் உட்கார்ந்த இடத்தை நாமே கூட்டுவது, சாப்பிட்ட தட்டை நாமே கழுவுவது பொறுப்பு. அது எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும். டீச்சரும் துடைப்பத்தைக் கையில் எடுக்கலாம். ஆனால் கழிவறை கழுவுவது குழந்தைகளின் வேலையே இல்லை. அதற்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டியது நிர்வாகம்.

பொறுப்பா, அவமானமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. அந்த வேலை எப்போதும் ஒரே பிள்ளைகளுக்கு வருகிறதா? பெண் பிள்ளைகள் மட்டும் கூட்டிப் பெருக்குகிறார்கள், பையன்கள் மட்டும் சேர் தூக்குகிறார்கள் என்றால், அந்தப் பட்டியலை அன்றே மாற்றிவிடலாம்.

7. கோள் சொல்வது வேறு, உதவி கேட்பது வேறு

“டீச்சர், இவன் என்னைப் பார்த்து நாக்கை நீட்டுறான்!” ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைக் கேட்டால் எந்த டீச்சருக்கும் எரிச்சல் வரும். “போய் உட்காரு, கோள் சொல்லாத” என்று விரட்டிவிடுவார். சிக்கல் என்னவென்றால், நாற்பத்தொன்றாவது தடவை வரும் குழந்தை, நிஜமான ஆபத்தைச் சொல்ல வந்திருக்கலாம்.

குழந்தைகளுக்கு வித்தியாசத்தை இப்படிச் சொல்லலாம். ஒருத்தரை மாட்டிவிடச் சொன்னால் கோள். ஒருத்தரைக் காப்பாற்றச் சொன்னால் உதவி. அந்த ‘ஒருத்தர்’ நீயாகவும் இருக்கலாம். ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று பெரியவர் யாராவது சொன்னால், அந்த விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தொடக் கூடாத இடத்தில் யார் தொட்டாலும், அது சொந்தக்காரராக இருந்தாலும், சாராக இருந்தாலும் சொல்லலாம். முதலில் சொன்னவர் நம்பவில்லையென்றால், நம்பும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்ல வேண்டும்.

ரெண்டு எண்களை ஒவ்வொரு குழந்தையும் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவைக்கலாம். 1098, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண். 14417, தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். ரெண்டுமே இலவசம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் உங்களுக்கு டீச்சர் வேலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அக்காவாக, சித்தப்பாவாக, அத்தையாக, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அண்ணனாக இருப்பீர்கள்.

பள்ளி விட்டு வந்ததும் “இன்னைக்கு என்ன நடத்துனாங்க?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல” என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு யார்கூட சாப்ட்டே?”, “யாராச்சும் தனியா இருந்தாங்களா?”, “உன்னை யாராச்சும் சிரிக்க வெச்சாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ரெண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் வகுப்பறையின் உண்மை நிலவரம் இருக்கும்.

வீட்டில் நாம் பேசுவதையும் கவனிக்க வேண்டும். ‘அந்தத் தெருப் பையன்கூட சேராதே’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, மறுநாள் காலை வகுப்பில் ஒரு குழந்தையின் பக்கத்து இடம் காலியாகக் காரணமாகிறது.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கட்டடம், தண்ணீர், கழிவறை பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்திலேயே, ‘நம்ம பிள்ளைங்க எப்படி உட்காருறாங்க? யார் கூட்டுறாங்க? புதுசா வந்த பிள்ளையை யார் பார்த்துக்குறாங்க?’ என்றும் கேட்கலாம். கேட்பதற்கு டிகிரி எதுவும் தேவையில்லை.

ஊர் மாறாமல் வகுப்பறை மட்டும் மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணி அடித்ததும் அந்தப் பிள்ளைகள் அதே தெருக்களுக்குத்தான் திரும்பிப் போவார்கள். ஆனால் ஒரு நாளில் ஏழு மணி நேரம், ஒரு வருடத்தில் இருநூறு நாள், ஐந்து வருடம், வேறு மாதிரி வாழ்ந்து பார்த்த பிள்ளைகளாகப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பழகியவனை நாளைக்கு ‘அந்தத் தெருக்காரன்’ என்று மட்டும் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

என் மூன்றாம் வகுப்பில் இதில் எதுவுமே இல்லை. டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரே ஆளாக மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு சீட்டுக் குலுக்கல் இருந்திருந்தால், ‘புதுசா வர்றவங்களுக்கு இடம் விடுவோம்’ என்று சுவரில் ஒரு படம் இருந்திருந்தால், எட்டு வயதில் நான் அந்தப் பையை நகர்த்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். நான் கெட்ட பெண் இல்லை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவளுக்கு ஒரு குழந்தை இருந்து, அது இந்த வருடம் எங்கேயோ ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்து வாசலில் நின்றால், உள்ளே இருக்கும் ஒரு பிள்ளையாவது நகர்ந்து உட்கார்ந்து, “இங்க வா, இடம் இருக்கு” என்று சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று ராத்திரியே கேட்டுப் பாருங்கள்: “உன் கிளாஸுக்குப் புதுசா ஒருத்தர் வந்தா, எங்க உட்காருவாங்க?”